வடகனடாவை முழுசாக வரைந்து முடித்துவிட்டார்களா?

நெல்லிக்குப்பத்து வாசகர் கேட்டது, 9 நவம்பர்

சாட்டிலைட் வந்த பிறகு உலகத்தில் வரையாத இடமே இல்லை. கனடாவின் வடக்கே இருக்கும் காடும் ஏரியும் என் கைப்பேசியிலேயே தெரிகின்றன. ஆனால் அங்கே டோபோஷீட், அதாவது மேடுபள்ளம், ஆறு, ஏரி எல்லாம் குறித்த அளவை வரைபடத் தாள், போட்டு முடிக்க அறுபது வருஷம் ஆனது என்று படித்தேன். எதற்கு அறுபது வருஷம்? சும்மா கணக்குக் காட்டினார்களா?

9 நவம்பர், இரவு

கணக்குக் காட்டவில்லை தம்பி. அந்த ஏரிகளின் கரையை ஒரு வருஷத்துக்கு மேல் மவுஸால் சுற்றி வந்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

1998இல் புதுச்சேரியில் ஒரு சின்ன கம்பெனியில் டிஜிட்டைசிங் வேலை. மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ். ஸ்கேன் செய்த தாள் திரையில் இருக்கும். அதன் மேல் கான்டூர் (ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் கோடு), ஆறு, ஏரி ஒவ்வொன்றையும் கிளிக் கிளிக்கென்று தொட்டு வெக்டராக, அதாவது கம்ப்யூட்டர் படிக்கும் கோடாக, மாற்ற வேண்டும். சம்பளம் தாள் கணக்கு. 65, 75 என்று தொடங்கும் எண் போட்ட தாள்கள் என் பங்கு. கிரேட் ஸ்லேவ் ஏரிக்குக் கிழக்கே, மரங்கள் குட்டையாகிக் குட்டையாகி நின்றே போகிற நிலம். பனியை நான் ஃப்ரிட்ஜுக்குள் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அறுபது வருஷம் என்பது உண்மை. 1:50,000 அளவில் (தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் அரை கிலோமீட்டர்) கனடா முழுவதற்கும் தாள் போட்டு முடித்தது 2012இல்தான். மொத்தம் பதின்மூன்றாயிரத்துக்கும் மேல். கைப்பேசியில் தெரிவது நிலத்தின் போட்டோ. இந்த மேடு எத்தனை மீட்டர், இந்த ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று போட்டோ சொல்லாது. உயரத்துக்கு வேண்டுமானால் 2000இல் ஷட்டில் விண்கலம் எடுத்த ரேடார் தரவு இருக்கிறது, அதில் அந்தப் பக்கம் எல்லாம் வந்துவிட்டது.

10 நவம்பர், காலை

நேற்றுத் தூக்கத்தில் முடித்தேன். எதற்கு இத்தனை வருஷம் என்பதற்கு வருகிறேன்.

ரோடு இல்லை. தரையில் பனி இல்லாத காலம் வருஷத்துக்கு மூன்று மாதம் போல. அதிலும் மேகம் விலகிய நாள் சில. விமானத்திலிருந்து படம் எடுப்பது அந்தச் சில நாளில் முடிந்துவிடும், ஆனால் படத்தைத் தரையோடு கட்டிப்போட ஆணி வேண்டும். அதாவது, படத்தில் தெரியும் இந்தப் பாறை இன்ன அட்சரேகை, இன்ன தீர்க்கரேகை, இன்ன உயரம் என்று யாராவது அளந்திருக்க வேண்டும். ஆணி இல்லாத போட்டோ காற்றில் பறக்கும் காகிதம் மாதிரிதான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டிரைமெட்ரோகான் என்று ஒரு முறை வந்தது. விமானத்தில் மூன்று கேமரா: ஒன்று நேர் கீழே பார்க்கும், மற்ற இரண்டு இடமும் வலமும் 60 டிகிரி சாய்ந்து பார்க்கும். ஒரு தடவை பறந்தால் இந்தத் தொடுவானத்திலிருந்து அந்தத் தொடுவானம் வரை படத்தில் விழுந்துவிடும். கனடா விமானப்படை கண்டுபிடித்தது. சாய்ந்த படத்தில் தூரத்து மலைக்குப் பின்னால் என்ன என்பது மட்டும் தெரியாது. அங்கே வரைபவர் தன் மனசாட்சிப்படி கோடு போடுவார்.

10 நவம்பர், மதியம்

திருத்தம். டிரைமெட்ரோகான் அமெரிக்க ராணுவ விமானப்படையின் முறை, போருக்குப் பிறகு கனடாக்காரர்கள் அதே வேலையைத் தொடர்ந்தார்கள். தனிமடலில் சொன்ன வில்லியனூர் நண்பருக்கு நன்றி. இங்கேயே சொல்லியிருக்கலாம், நான் கோபித்துக்கொள்ளும் ஆள் இல்லை.

அடுத்து ஷோரான். 1949 முதல் 1957 வரை வடக்கே இதை வைத்துத்தான் ஆணி அடித்தார்கள். போர்க்காலக் குண்டுவீச்சு விமானங்களுக்காகச் செய்த ரேடார் கருவி அது. இரண்டு மலை உச்சியில் இரண்டு நிலையம், நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். ஒன்றிலிருந்து மற்றது கண்ணுக்குத் தெரியாது, பூமியின் வளைவே மறைக்கும். விமானம் அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டைக் குறுக்காகக் கடக்கும். கடக்கும்போது இந்தப் பக்கத் தூரம், அந்தப் பக்கத் தூரம் இரண்டையும் விடாமல் அளந்து கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டுத்தொகை எந்த நொடியில் மிகக் குறைவோ, அப்போது விமானம் சரியாகக் கோட்டின் மேல் இருக்கிறது, அந்தத் தொகையை வைத்து இரண்டு மலைக்கும் உள்ள தூரத்தைக் கணித்துவிடலாம். இதைப் படித்த அன்றைக்கு நான் டீ குடிக்க மறந்துவிட்டேன்.

உயரத்துக்கு இன்னொரு தந்திரம். விமானத்திலிருந்து ரேடாரால் தரைக்கு எவ்வளவு என்று அளந்துகொண்டே போவது. விமானமும் ஏறி இறங்குமே? அதைக் காற்றழுத்தத்தை வைத்துக் கழிப்பார்கள். மட்டம் தெரிந்த ஓர் ஏரியில் ஆரம்பித்து மட்டம் தெரிந்த இன்னொரு ஏரியில் முடித்தால் நடுவில் வந்த பிழை தெரிந்துவிடும். அந்த ஊரில் ஏரிக்கா பஞ்சம்? கொத்தனார் ரசமட்டம் வைக்கிற மாதிரி இயற்கை ஆயிரக்கணக்கில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

11 நவம்பர்

ஏரி என்றதும் ஞாபகம் வந்தது.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் நான் கரையைத் தேடிக்கொண்டிருந்தேன். பெருமாள் ஏரி, வீராணம், ஊசுட்டேரி பார்த்து வளர்ந்தவனுக்கு ஏரி என்றால் ஒரு பக்கம் நீளமாக மண்கரை, கரையில் மதகு, கீழே வயல். தாளில் வந்தவை அப்படி இல்லை. மாவு கரைத்த தண்ணீரைத் தரையில் உதறினால் தெறிக்குமே, அந்த மாதிரி. ஓர் ஏரிக்குள் தீவு, தீவுக்குள் குளம், குளத்துக்குள் இன்னொரு திட்டு. நாலு சுற்று பாலிகன், அதாவது மூடிய கோட்டு வடிவம். எது தண்ணீர், எது தரை என்று திரை மேல் விரலை வைத்து எண்ணிப் பார்த்துத்தான் கோட் (குறியீடு) போடுவேன்.

ஒருநாள் கரை கிடைத்துவிட்டது! நெளிந்து நெளிந்து தாள் முழுக்க ஓடும் நீள மேடு. அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், "பார், அந்தக் காலத்திலேயே எவனோ ஏரி வெட்டியிருக்கான்." பின்னால்தான் தெரிந்தது, அது எஸ்கர். பனிப்பாளம் அந்த நிலத்தை மூடியிருந்த காலத்தில் பாளத்துக்கு அடியில் சுரங்கம் மாதிரி ஓடிய ஆறு விட்டுப்போன சரளையும் மணலும். பனி உருகியது, ஆறு போனது, ஆற்றின் அச்சு மட்டும் மேடாக நிற்கிறது. சில எஸ்கர்கள் நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும். ஓநாய் அதில்தான் குழி பறித்துக் குட்டி போடும், காரிபு மான்கள் அதன் மேலேயே நடக்கும், சுற்றிலும் சதுப்பு என்பதால். யோசித்தால் நம் ஏரிக்கரை மேல் மாடு போகிற அதே நியாயம்.

12 நவம்பர்

மழை. கரண்ட் இல்லை.

14 நவம்பர்

தாளில் தவறு இருந்தால் என்ன குடிமுழுகிப்போகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1903இல் குடிதான் முழுகியது.

கனடாவின் கிழக்கு ஓரத்து லாப்ரடார். லியோனிடஸ் ஹப்பர்டு என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர், நண்பர் டில்லன் வாலஸ், வழிகாட்டி ஜார்ஜ் எல்சன், மூவரும் ஒரே படகு. கையில் இருந்தது கனடா நிலவியல் துறையின் ஏ. பி. லோ 1890களில் செய்த வரைபடம். லோ சாதாரண ஆள் இல்லை, அந்த நாட்டை வருஷக்கணக்கில் நடந்தும் துடுப்புப் போட்டும் அளந்தவர். ஆனால் கிராண்ட் ஏரிப் பக்கம் அவர் போகவில்லை, மற்றவர் சொன்னதை வைத்து வரைந்தார். அதில் அந்த ஏரியில் விழுவது ஒரே ஆறு. நிஜத்தில் ஐந்து. அவர்கள் போக வேண்டிய நாஸ்காப்பி ஆற்றின் வாயைக் கவனிக்காமல் தாண்டிப்போய், சூசன் என்கிற சின்ன ஓடையில் ஏறினார்கள். வரைபடத்தில் ஓர் ஆறு, எதிரே ஓர் ஆறு, அப்புறம் என்ன சந்தேகம்? ஓடை பாறையும் கணுக்கால் தண்ணீருமாகக் குறுகியபோதுகூட, வரைபடத்தைவிடத் தங்கள் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார்கள். அக்டோபரில் ஹப்பர்டு கூடாரத்துக்குள்ளேயே பட்டினியால் இறந்தார். எல்சன் நடந்தே போய் ஆள் கூட்டிவந்து வாலஸைக் காப்பாற்றினார்.

1905இல் ஹப்பர்டின் மனைவி மைனா, அதே எல்சனை அழைத்துக்கொண்டு கிளம்பினார். நாஸ்காப்பி வழியாக மிச்சிகமாவ் ஏரிக்கு ஏறி, ஜார்ஜ் ஆற்றில் இறங்கி, ஆகஸ்ட் முடிவதற்குள் உங்காவா விரிகுடா. வழியெல்லாம் அட்சரேகை எடுத்து வரைபடமும் செய்துவிட்டார். புருஷன் எந்தக் கோட்டை நம்பிச் செத்தாரோ அந்தக் கோட்டை மனைவி திருத்தி வரைந்தார்.

அவர் வரைந்த மிச்சிகமாவ் ஏரியும் இன்று தனியாக இல்லை. 1970களில் சர்ச்சில் அருவி மின்திட்டத்துக்காகத் தேக்கிய ஸ்மால்வுட் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது.

14 நவம்பர், கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். லோ மேல் பழி போட்டது மாதிரி இருக்கிறது. பழைய வரைபடங்களில் அளந்த ஆற்றை முழுக் கோடாகவும் கேள்விப்பட்ட ஆற்றைப் புள்ளிக் கோடாகவும் போடுவது வழக்கம். புள்ளிக் கோடு என்றால் "நான் பார்க்கவில்லை, உன் சமர்த்து" என்று அர்த்தம். எனக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். இன்றைக்குத் திரையில் எல்லாமே முழுக் கோடுதான். நான் மதியச் சாப்பாட்டுத் தூக்கத்தில் இழுத்த கோடும் முழுக் கோடுதான், பார்ப்பவருக்குத் தெரியவா போகிறது?

16 நவம்பர்

முதல் குறிப்பில் பெரிய தப்பு. யாரும் பிடிக்கவில்லை என்பது வருத்தம்.

ஷட்டில் ரேடார் தரவில் "அந்தப் பக்கம் எல்லாம் வந்துவிட்டது" என்று எழுதினேன். வரவில்லை. 2000 பிப்ரவரியில் பதினோரு நாள் சுற்றிய அந்த விண்கலத்தின் பாதை பூமத்தியரேகைக்கு 57 டிகிரி சாய்வு. அதனால் வடக்கே 60 டிகிரியோடு தரவு நின்றுவிடும். என் 65, 75 தாள்கள் ஆரம்பிப்பதே 60 டிகிரியில்! கடலூர், காங்கோ, அமேசான் எல்லாவற்றுக்கும் உயரம் உண்டு, நான் தேய்த்த தாளின் கீழ் ஓரத்தில் வந்து நின்றுவிட்டது.

அந்த ஓட்டையை அடைத்தது ஆர்க்டிக்டெம். 2015இல் அறிவித்தார்கள். ஒரே இடத்தை வேறு வேறு கோணத்தில் எடுத்த துல்லியமான சாட்டிலைட் படங்களை ஜோடி ஜோடியாக சூப்பர் கம்ப்யூட்டரில் போட்டு 2 மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயரம். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் துருவப் புவியிட மையம் முன்னின்று செய்தது. அலாஸ்காவுக்கு 2010 முதல் விமானத்தில் ரேடார் வைத்து 5 மீட்டர் கட்டத்தில் தனியாக எடுத்தார்கள். அதற்கு முன் இருந்த உயரத் தரவில் சில ஆறுகள் மேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன.

ஆக, தம்பி, "சாட்டிலைட் வந்தாச்சு" என்று நீங்கள் சொன்னது சரிதான், அது அங்கே வந்து பத்து வருஷம் போலத்தான் ஆகிறது.

17 நவம்பர்

மேட்டை நோக்கி ஓடும் ஆறு என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டீர்கள். நான் அதைவிடப் பெரியது செய்திருக்கிறேன்.

அந்தக் காலத் தாள்களில் சில அடிக்கணக்கு, சில மீட்டர்க்கணக்கு. ஒரு தாளின் ஓரக் குறிப்பைப் பார்க்காமல் அடியை மீட்டர் என்று போட்டுவிட்டேன். பக்கத்துத் தாள் மீட்டரில் சரியாக இருந்தது. இரண்டையும் ஒட்டிப் பார்ப்பதை எட்ஜ் மேட்ச் என்போம். என் தாளில் ஏரி 1000, அடுத்த தாளில் அதே ஏரியின் மறுபாதி 305. கியூசி (தரச் சோதனை) பார்க்கும் அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "தம்பி, ஏரிக்கு நடுவுல அருவி விழுதே, பாத்தியா?" என்றார். கிட்டத்தட்ட 700 மீட்டர் அருவி. நயாகரா 50 மீட்டர் சொச்சம். கம்பெனியில் ஒரு மாதம் என் பெயர் நயாகரா. அந்தத் தாளுக்குக் காசும் வரவில்லை.

19 நவம்பர்

நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கனடாவில் வனாந்தரக் கோடு என்று ஒன்று போட்டார்கள், நிலத்தில் இல்லை, அச்சகத்துக்காக. அந்தக் கோட்டுக்குத் தெற்கே கலர் தாள், வடக்கே ஒரே நிறம். வாங்க ஆள் குறைவு, கலருக்குச் செலவு அதிகம், அவ்வளவுதான்.

டிஜிட்டைஸ் செய்பவனுக்கு அதுதான் நரகம். கலர் தாளில் கான்டூர் பழுப்பு, ஓடை நீலம். ஒரே நிறத் தாளில் இரண்டும் முடி மாதிரி மெல்லிய கோடு, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். பாதி வழியில் கான்டூரை விட்டு ஓடையில் ஏறிவிடுவேன். அக்கா ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுத்தார்: கான்டூர் ஓடையைத் தாண்டும் இடத்தில் அம்பு முனை மாதிரி மடங்கும், முனை எப்போதும் மேட்டுப் பக்கம் காட்டும். அதன் பிறகு கண் பழகிவிட்டது. இன்றைக்கும் ரோட்டில் மழைத்தண்ணீர் மணலில் வழி பண்ணினால் முனை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் தாண்டுகிறேன்.

22 நவம்பர்

இது அளவை விஷயம் இல்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

அண்ணன் மகள் கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரை ஊரான யெல்லோநைஃபில் நர்ஸ். போன ஜனவரியில் அண்ணிக்கு வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பியிருக்கிறாள். அண்ணி அலறிக்கொண்டு என்னிடம் வந்தார். நீலப் புள்ளி ஏரிக்கு நடுவே. அதுவும் நகர்ந்துகொண்டிருக்கிறது. "பொண்ணு தண்ணிக்குள்ள போறா, போனை எடுக்க மாட்டேங்கறா!"

அது டெட்டா ஐஸ் ரோடு. ஏரி உறைந்த பிறகு பனிக்கட்டி மேலேயே போடும் பாதை. டெட்டா கிராமத்துக்குத் தரை வழி 27 கிலோமீட்டர், ஏரி மேல் போனால் ஆறரை. வரைபடத்தில் வருஷம் பன்னிரண்டு மாதமும் அது தண்ணீர். அந்த ஊர்க்காரருக்கு நாலு மாதம் போலக் குறுக்கு ரோடு. எது சரி? நான் பாலிகனில் தண்ணீர் என்று கோட் போட்டுக் காசு வாங்கியவன், வாயை மூடிக்கொண்டேன்.

23 நவம்பர்

அதே பெண்ணுக்கு நான் முன்பு ஒரு திசைகாட்டி வாங்கி அனுப்பியிருந்தேன், புதுச்சேரியில் வாங்கியது. "சித்தப்பா, முள் அடியில உரசுது, சுத்த மாட்டேங்குது" என்றாள். கடைக்காரரைத் திட்டினேன். பாவம் அவர். திசைகாட்டி முள் வடக்கை மட்டும் காட்டுவதில்லை, காந்தப்புலம் எந்தக் கோணத்தில் சரிகிறதோ அந்தப் பக்கம் சாயவும் பார்க்கும். காந்த நடுக்கோடு தென்தமிழ்நாடு வழியாகப் போவதால் இங்கே முள் படுத்த மாதிரி கிடக்கும். அங்கே புலம் ஏறக்குறைய செங்குத்தாகத் தரைக்குள் இறங்குகிறது, முள்ளின் மூக்கு கீழே குத்தும். அதனால் திசைகாட்டி செய்பவர்கள் வட்டாரத்துக்கு ஏற்ற மாதிரி முள்ளுக்கு எடை சமன் செய்து விற்பார்கள்.

இன்னொன்று. நம் பக்கம் காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள். யெல்லோநைஃபில் பத்துக்கு மேல், கிழக்கே. அதைச் சேர்க்காமல் பத்து கிலோமீட்டர் நடந்தால் இரண்டு கிலோமீட்டர் போலத் தள்ளி வேறு ஏரிக்குப் போய்ச் சேரலாம். எல்லா ஏரியும் ஒரே மாதிரி இருக்கிற ஊரில்.

25 நவம்பர்

வில்லியனூர் நண்பர்: "இப்போது புதிதாக ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?"

1948இல் முடிந்தது. இன்னும் வடக்கே, ஃபாக்ஸ் பேசின் கடலில். கனடா விமானப்படையின் லான்காஸ்டர் விமானம் ஒன்று படம் எடுக்கப் போய், வரைபடத்தில் இல்லாத தீவைப் பார்த்தது. சின்னத் திட்டு இல்லை, 9,521 சதுர கிலோமீட்டர். நம் கடலூர் மாவட்டம் 3,678. இரண்டரை கடலூர் வரைபடத்தில் விட்டுப்போயிருந்தது. பிரின்ஸ் சார்லஸ் தீவு என்று பெயர் வைத்தார்கள், அந்த வருஷம் பிறந்த இளவரசர் பெயர்.

அந்த வடக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களுக்கு அது முன்பே தெரியும். 1932இல் ஓர் இழுவைக் கப்பல் கேப்டனும் பார்த்துச் சொல்லியிருக்கிறார், அச்சில் ஏறவில்லை. "கண்டுபிடித்தார்கள்" என்று நான் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். எழுதவில்லை, சரி.

பெயர் என்றதும் ஒன்று: மெக்கன்சி ஆற்றை அங்குள்ள டெனே மக்கள் டெச்சோ என்கிறார்கள். அர்த்தம் பெரிய ஆறு. நம்மூர் பெரியாறுதான்.

30 நவம்பர்

நெல்லிக்குப்பத்துத் தம்பி இப்போது வேறு கேட்கிறார்: "கடலூர் டோபோஷீட் உங்களிடம் இருக்கிறதா?"

வேடிக்கை அதுதான். கனடாவின் வடக்கு 2007 முதல் இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஓநாய்க் குழி இருக்கும் மேட்டுக்கு நான் கான்டூர் இழுத்த காலத்தில் என் வீட்டுத் தெரு இருக்கும் தாளைக் காசு கொடுத்தும் வாங்க முடியவில்லை. கடற்கரை ஓரத் தாள்கள் தடைப்பட்டியலில் இருந்தன. 2021இல்தான் மத்திய அரசு விதிகளை நன்றாகத் தளர்த்தியது. எண் மட்டும் மனப்பாடம்: புதுச்சேரி 58எம்/13. மஞ்சக்குப்பமும் அதிலேயே, கடலூர் முதுநகர் 58எம்/14. நாலு தாளின் மூலை நம் ஊரில்தான் சந்திக்கிறது. வரைபடம் வாங்குபவனுக்கு இதைவிடச் சாபம் கிடையாது, நாலையும் வாங்க வேண்டும்.

இன்னும் ஒன்று, இதை நிறைய பேர் அறியமாட்டீர்கள். இந்தியாவை முக்கோணமாக அளக்கும் வேலையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன் 1802இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே வந்தாரே, அந்த முதல் வில்லின் (வடக்கு தெற்காக அளந்த நீளக் கோட்டின்) தென்முனை எங்கே தெரியுமா? திருவந்திபுரம். பழைய ஆங்கிலப் பட்டியல்களில் எழுத்தைக் குதறி எழுதியிருப்பார்கள், அட்சரேகையைப் பார்த்தால் சந்தேகமே வராது: 11 டிகிரி 44 நிமிடம் 52 விநாடி. அங்கிருந்து சென்னைக்கு வடக்கே வரை ஒன்றரை டிகிரி சொச்சம். பூமியின் வடிவத்தைக் கணக்கிட்ட ஐரோப்பியப் பட்டியல்களில் நம் தேவநாதசாமி ஊர் இடம் பிடித்திருக்கிறது.

7 டிசம்பர்

போய்ப் பார்த்தேன். தம்பியும் வந்தார், நேரில் இப்போதுதான் சந்திக்கிறோம். அவர் வண்டியில்தான் போனோம்.

கைப்பேசியில் ஜிபிஎஸ் போட்டுக்கொண்டு 52 விநாடியைத் தேடினோம். கல்யாண முகூர்த்த நாள், மொட்டை போட வந்த கூட்டம் வேறு. நான் இரண்டடி முன்னால், இரண்டடி பின்னால் போவதைப் பார்த்து, செருப்பு தொலைந்துவிட்டதா என்று ஒரு அம்மா கேட்டார். 52 என்று காட்டிய இடம் வேன் நிறுத்தும் மண்தரை. ஓர் அடையாளக் கல்லும் இல்லை.

வண்டியில் திரும்பும்போதுதான் உறைத்தது. லாம்ப்டன் எண் நட்சத்திரம் பார்த்து எடுத்தது, என் கைப்பேசி எண் சாட்டிலைட் பார்த்து எடுத்தது. இரண்டும் ஒரே இடத்துக்கு ஒரே எண்ணைச் சொல்லாது, சில விநாடி தள்ளும். ஒரு விநாடி என்றால் 30 மீட்டர். ஆக, கல் இருந்தாலும் நாங்கள் தேடிய இடத்தில் இருந்திருக்காது. தம்பியிடம் சொன்னேன். "அப்ப மலைப் படி பக்கமும் ஒரு தடவ பாத்துடலாம்ண்ணா, அடுத்த வாரம் முகூர்த்தம் இல்ல" என்கிறார்.